கொடுத்தது வேறு, விழுங்கியது வேறு

அவளைப்போல ஒரு கரைச்சல் பிடித்த பெண்ணை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கேயாவது இருந்து இதை வாசித்துவிட்டு, "இதுல எது நீங்க கண்ணால பாத்தது, எது கேள்விப்பட்டது, அக்கா?" என்று தொலைபேசியில் பிடித்துக்கொள்வாள். என் வயதுக்கு அதைத் தாங்க ஏலாது.

மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே குளியலறை ஓடு விற்றார்கள். மேலே நாங்கள் ஏழு பேர் இருந்து யானைக்கால் நோயை ஒழித்துக்கொண்டிருந்தோம். இப்படிச் சொன்னால் என் மனிசன் விழுந்து விழுந்து சிரிப்பார். மொன்றியல் பனிக்குள் இருந்துகொண்டு பசிபிக் கடலில் உள்ள தீவுகளின் நோயை ஒழிப்பதாம்! ஆனால் உண்மை அதுதான்.

யானைக்கால் வருத்தத்தின் புழுக்குஞ்சுகள் இரத்தத்தில் திரியும், ஆளுக்குத் தெரியாது. நுளம்பு ஒருவரைக் கடித்து இன்னொருவருக்குக் கொண்டுபோகும். கால் வீங்குவதெல்லாம் எத்தனையோ வருடம் கழித்து. ஆகவே வருத்தம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல், தீவில் உள்ள எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை குளிசை விழுங்க வேண்டும். கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, படுக்கையில் கிடப்பவர் தவிர. சில வருடம் விடாமல் செய்தால் நுளம்பு எடுத்துப்போக இரத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. குளிசையை வீடு வீடாகக் கொண்டுபோவது அந்தந்த ஊர்த் தொண்டர்கள். அவர்கள் நிரப்பிய படிவங்கள் பெட்டிபெட்டியாக எங்களுக்கு வரும். கணினியில் ஏற்றுவது நான். ஏற்றியதைப் பார்த்து, எந்தத் தீவில் வேலை ஒழுங்காக நடந்தது, எங்கே நிறுத்தலாம் என்று சொல்வது அவள்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். கடலூர்ப் பக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, படித்து முடித்ததும் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள். நான் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள், யாழ்ப்பாணம். அவள் வந்த முதல் கிழமையே எனக்கு அவளோடு ஒத்துவரவில்லை. அன்று எனக்குத் தலையிடி. பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நிமிர்ந்தால் முன்னால் நிற்கிறாள்.

"என்ன பிள்ளை, ஏன் உப்பிடி நிக்கிறீர்?"

"மாத்திரை போடப் போறீங்கல்ல? போடுங்க, பாக்கறேன்."

"பேந்து போடுவன். நீர் போம்."

"இல்லக்கா, இப்பப் போடுங்க. நான் தண்ணி கொண்டு வரேன்."

கொண்டுவந்தாள். போட்டேன். தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் இறங்கிய பிறகுதான் நகர்ந்தாள். விசர் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று பக்கத்துக் கதிரைக்காரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகுதான் விளங்கியது, அது அவளுடைய தொழில் புத்தி என்று. படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது, குளிசை கொடுக்கப்பட்டதா? இரண்டாவது, விழுங்குவதைக் கண்ணால் கண்டீரா? அவளுக்கு இந்த இரண்டாம் கட்டம்தான் உயிர். "குடுத்தது வேற, முழுங்கினது வேறக்கா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாள். கடலூர்ப் பக்கம் அவளும் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தவளாம். "கையில வாங்கிட்டு, சரிம்மா சரிம்மான்னு தலையாட்டுவாங்க. அடுத்த நாள் வீட்டுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. வாழைக்கு அடியில வெள்ளை வெள்ளையாக் கிடக்கும். போட்டா காய்ச்சல் வருமாம், தலை சுத்துமாம். யாருக்கு வரும்? உள்ள புழு இருக்கறவங்களுக்குத்தான் நல்லா வரும். போட வேண்டியவங்கதான் பயந்து தூக்கிப் போடுவாங்க!"

இதை அவள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து சொன்னதில்லை. எதையுமே இருந்து சொல்ல மாட்டாள். தொலைபேசி வயரின் நீளத்துக்கு அங்குமிங்கும் நடப்பாள். கூட்டத்தில் எல்லோரும் இருக்க இவள் யன்னலோரம் நிற்பாள். லியோனல்-குரூ மெட்ரோவில் இருந்து 211 பஸ்ஸில் இருவரும் ஒன்றாக வருவோம். பஸ் வெறுமையாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இரும் பிள்ளை, எனக்குக் களைக்குது உம்மைப் பாக்க" என்றால், "நீங்க தூங்குங்கக்கா" என்பாள். அந்தப் பதகளிப்பு மற்றவர்களுக்கும் தொற்றும். அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நான் வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை வந்துவிடும்.

இன்னொன்று, கால். பனியில் நனைந்து வந்தால் மற்றவர்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு கோப்பி குடிக்கப் போவார்கள். இவள் கழிவறைக்குள் போய்க் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, வேறு சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் வருவாள். பைக்குள் எப்போதும் மூன்று சோடி இருக்கும். ஒருநாள் என் ஈர சொக்ஸைக் கண்டுவிட்டு ஒரு சோடியை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "எங்கம்மா காலை நான் பதினோரு வருஷம் கழுவியிருக்கேன்க்கா. ஈரம் நின்னா புண்ணு வரும், புண்ணு வந்தா காய்ச்சல் வரும், வீக்கம் இன்னும் ஏறும். உங்களுக்கு அதெல்லாம் இல்ல, தெரியும். என்னால பாக்க முடியல, அவ்வளவுதான்." வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் என் மனிசன் வழக்கப்படி பிரஷர் குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழும்பினார். இவள் கையைக் கழுவாமல் அவரையே பார்த்தாள்.

"அண்ணா, வாயத் திறங்க."

"என்ன?"

"நாக்கைத் தூக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முகம் போன போக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. குளிசை நாக்குக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நாலு மாதமாக இந்த நாடகம் நடந்திருக்கிறது! குளிசை போட்டால் தலை சுற்றுகிறதாம், எனக்குச் சொன்னால் ஏசுவேனாம், ஆகவே வாயில் போட்டுக் கழிவறையில் துப்புகிறாராம். "உவ ஆர் என்ர வாயைச் சோதிக்க?" என்று அவள் போன பிறகு துள்ளிக் குதித்தார். அடுத்த கிழமை டொக்டர் வேறு குளிசை எழுதிக் கொடுத்தார், தலைச்சுற்று நின்றது. அதற்குப் பிறகு அவளுக்கு என்று புட்டு அவிக்கச் சொல்லிப் பெட்டியில் போட்டுத் தருவார். "அந்தப் பிள்ளைக்குக் குடும், பாவம், காத்தாடி மாதிரித் திரியுது."

இப்படி ஊர் உலகத்தில் எவரையும் நம்பாதவள் ஒரே ஒருத்தியை நம்பினாள். அது நான். அதுதான் இந்தக் கதையில் என்னை இன்றைக்கும் குத்துகிற இடம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. மொன்றியலில் பாதிச் சனத்துக்கு அகதி மனு, சுகாதார அட்டை, சின்னப் பிள்ளைகளைப் பகலில் விடுகிற கார்தெரி விண்ணப்பம் எல்லாம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அந்தக் கெட்டித்தனத்தை அடிபட்டுத்தான் படித்தேன். வந்த புதிதில் என் மனிசனைக் கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட மனுவில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. எட்டு மாதம் கழித்து முழுக் கட்டும் திரும்பி வந்தது, மறுபடி முதலில் இருந்து. அவர் கொழும்பில் ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார். நான் இங்கே கட்டிலில் இருந்து அழுதேன். கோட்-டே-நேஜில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கும் அண்ணை ஒருவர் அப்போது சொன்னார்: "தங்கச்சி, ஒண்டையும் வெறுமையா விடாதேங்கோ. தெரியாட்டி பக்கத்தில உள்ளதையே திருப்பி எழுதுங்கோ. வெறுமையைக் கண்டால்தான் அவங்களுக்குச் சந்தேகம் வரும்." அன்றிலிருந்து வெற்றுக் கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இராது.

ஒரு வசந்தத்தில் அது வெடித்தது. தீவு ஒன்றில் குளிசைச் சுற்றுகள் எல்லாம் முடிந்து, இனி நிறுத்தலாம் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். முடிவைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளின் விரலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு கிராமத்தில் மூன்று பிள்ளைகளுக்குப் புழு இருந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகள்! குளிசை கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்தவர்கள். நோய் அங்கே போகவே இல்லை என்று அர்த்தம்.

இயக்குநர் எங்களைக் கூப்பிட்டார். பதிவுகளைத் திரையில் போட்டார். அந்தக் கிராமத்தில் கடைசி இரண்டு வருடமும் எல்லோரும் கண் முன்னால் விழுங்கியதாக இருந்தது. ஒருவர்கூட மிச்சமில்லை. "இது எங்கேயும் நடக்காத காரியம். அந்தத் தொண்டர் பொய் எழுதியிருக்கிறார்" என்றார். தொண்டர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவரை விலக்கச் சொல்லித் தீவின் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இவளிடம் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு தீவு அது. பிள்ளைகளுக்கு நோய் வரக் காரணம் பொய்க்காரி ரீச்சர்தான் என்று ஒரு கடிதம் போனால் அந்த மனுசி எப்படித் தெருவில் இறங்கி நடப்பாள்?

அந்த ஊர்ப் படிவங்களை ஏற்றியது நான் அல்லவா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சிய அறைக்குள் போய் அந்தக் கிராமத்தின் படிவப் பெட்டியைத் தேடித் திறந்தேன். அழகான, வட்ட வட்டமான கையெழுத்து. முதல் கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் சரி போட்டிருந்தது. இரண்டாம் கட்டம் வெறுமை. பக்கம் பக்கமாக வெறுமை. எழுதியவள் மறந்துவிட்டாள், பாவம், படிவம் திரும்பிப் போகப் போகிறது, அந்த மனுசிக்கு இன்னும் எட்டு மாதம் இழுபடும் என்று நினைத்து, அப்போது கணினியில் முதல் கட்டத்தில் உள்ளதையே இரண்டாவதிலும் ஏற்றியவள் நான். உபகாரம் செய்வதாக நினைத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், உபகாரம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் அம்மாவையும் கனடாவுக்குக் கூப்பிட மனுப் போட்டிருந்தேன். வேலை போனால் அதுவும் போகும். வெள்ளிக்கிழமை குப்பை எடுக்கிற நாள். ஒரு பெட்டிக் கடதாசியைக் கீழே இறக்கி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான்தான் பொய்க்காரி.

அவளோ முன்னெப்போதையும்விட மோசமாக நடந்து திரிந்தாள். கடிதத்தை எழுதுவாள், அழிப்பாள், எழும்பி ஓடு கடை வரைக்கும் இறங்கிப் போய் ஏறி வருவாள்.

"அந்த டீச்சரோட நான் ஃபோன்ல பேசியிருக்கேன்க்கா. பொய் சொல்ற ஆளாத் தெரியல. ஆனா எனக்குத் தெரியறது என்ன பெரிய சாட்சி? பதிவுல அப்படித்தானே இருக்கு."

"பெட்டியைத் திறந்து பாத்தனீரோ?"

"எதுக்கு? என்ட்ரி பண்ணது நீங்கல்ல?"

அதைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க ஏலவில்லை. வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குப் பஸ் தரிப்பில், கரைந்த பனித் தண்ணீருக்குள் நின்றபடி சொல்லிவிட்டேன். கணவர், எட்டு மாதம், மொழிபெயர்ப்பு அண்ணை எல்லாவற்றையும் தலைகால் தெரியாமல் கொட்டினேன். 211 வந்து கதவைத் திறந்து, நாங்கள் ஏறாததைக் கண்டு மூடிக்கொண்டு போனது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தனை பக்கம்?"

"இருபத்திரண்டு."

"எண்ணிப் பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

"எண்ணினனான்."

திரும்பி அலுவலகத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாக எடுத்து நிலத்தில் பரப்பினாள். தானும் எண்ணினாள். இருபத்திரண்டு. பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "எல்லாரோட வேலையையும் ரெண்டு தடவை செக் பண்ணுவேன். உங்களோடதை மட்டும் ஒரு தடவைகூட திருப்பிப் பாத்ததில்லக்கா."

நான் அழுதேன். அவள் தேற்றவில்லை. தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள். "இங்க வியாழக்கிழமை சாயந்திரம்னா அங்க வெள்ளிக்கிழமை காலைல. ஸ்கூலுக்கு வந்திருப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ எடுத்து, ஆசிரியையைக் கூட்டிவரப் போனார்கள். பிள்ளைகள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. ஆசிரியை வந்ததும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் நிரப்ப மறந்த கட்டத்தை நான் நிரப்பினேன், பிழை என்னுடையது, உங்கள் மேல் ஒரு பழியும் வராமல் பார்க்கிறேன் என்றேன்.

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "நான் மறக்கவில்லையே. ஆண்கள் கடலில் இருந்தார்கள். பெண்கள் தோட்டத்தில் இருந்தார்கள். சாப்பிட்ட பிறகுதான் போடுவோம், வைத்துவிட்டுப் போ என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன். விழுங்கினார்கள் என்று எழுத முடியாது, நான் காணவில்லை. விழுங்கவில்லை என்றும் எழுத முடியாது, அதையும் நான் காணவில்லை. அதனால் வெறுமையாக விட்டேன். ஏன் வெறுமை என்று நீங்கள் கேட்பீர்கள், அப்போது சொல்லலாம், இன்னொரு முறை போக அனுமதி கேட்கலாம் என்று இருந்தேன். இரண்டு வருடமும் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் உங்களுக்குத் தேவையில்லைப்போல என்று நினைத்துக்கொண்டேன்."

என் பக்கத்தில் நின்றவள் தொலைபேசிக்குக் குனிந்து, "ஐ ஆம் சாரி, டீச்சர். கேட்டிருக்க வேண்டியவள் நான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆசிரியை, "சரி, எப்போது வருகிறீர்கள்? ஊருக்குச் சொல்ல வேண்டும்" என்றார். அவ்வளவுதான். எங்கள் மேல் கோபப்படக்கூட அந்த மனுசிக்கு நேரமில்லை.

மறுநாள் இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். ஆசிரியையைப் பற்றிய கடிதம் கிழிபட்டது. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் இனி அந்தத் தீவின் படிவங்களை வேறொருவர் ஏற்றட்டும் என்றார். நியாயம்தான். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது.

அந்தக் கிராமத்துக்கு மறுபடி குளிசை கொடுக்க வேண்டும், தானே போகிறேன் என்று அவள் கிளம்பினாள். போவதற்கு முதல் நாள் பஸ்ஸில், வழக்கம்போல நின்றுகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"என்னை மன்னிச்சிட்டீரோ, பிள்ளை?"

"மன்னிச்சேன்னு வாயால சொன்னா உங்களுக்குப் போதுமா?"

"ஓம், போதும்."

"எனக்குப் போதாதுக்கா" என்றாள். அட்வாட்டரில் இறங்கி ஏதோ வாங்க வேண்டும் என்று மெட்ரோவுக்குள் ஓடினாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகக் கண்டது. அந்தத் தீவு வேலை முடிய இன்னொரு தீவு, அதற்குப் பிறகு இன்னொன்று என்று போனவள் மொன்றியலுக்குத் திரும்பவே இல்லை.

அவள் போன வருடமே, ஓகஸ்ட் மாதம், அந்த ஆசிரியையின் ஊரில் இருந்து ஒரு பெட்டி வந்தது. படிவங்களை ஏற்றுகிற புதுப் பெண் அதை எடுக்கப் போனாள். பெட்டியின் மேல் அலுவலகத்தின் பெயரே இல்லை. தீவுக்குப் போனவளின் கோணல் எழுத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கீழே, வேறு யாரும் திறக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இயக்குநர் அதை வாசித்து, என்னைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

திறந்தேன். இரண்டாம் கட்டத்தில் வரிசையாகச் சரி, சரி, சரி. பதினாறாம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு பெயர்கள், ஆறு வெற்றுக் கட்டங்கள். பின்னேரம் மணி நாலு. அங்கே காலை, பள்ளிக்கூடம் திறந்திருக்கும். தொலைபேசியை எடுத்து, ஆசிரியை வரும்வரை காத்திருந்து, இது ஏன் வெறுமை என்று கேட்டேன்.